நாலே நாலு கொட்டு

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து நான்கு. அச்சகத்துக்குப் பின்னால் உள்ள மூன்று மாடி வீட்டில், இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய பகுதியில் என் மனைவி, மகள், மனைவியின் தம்பி ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் வேலையைப் பதினேழு வருடமாகச் செய்து வருகிறேன். முடிச்சு விஷயத்தில் நான் ஒன்றுக்கு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன் என்பதால் வேலையிடத்தில் எல்லோரும் என்னை ‘முடிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் தங்கள் விசாரணையில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அது நான்தான். சென்ற புதன்கிழமை நடந்தவற்றை விசாரிக்க இன்று நிலையத்துக்கு வரச் சொன்னதன் பேரில் வந்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல் கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் வேலை இருவர் வேலை. ஒருவர் மொட்டைமாடியில் நின்று கயிற்றை விடுவார், மற்றவர் பலகையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாடி மாடியாக இறங்குவார். என் மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, வயது இருபத்தெட்டு, ஆறு வருடமாகப் பலகையில் உட்காருகிறான். எனக்கு முழங்கால் போனதிலிருந்து நான் மேலே நின்றுகொள்கிறேன். மொட்டைமாடியில் உள்ள இரும்புத் தூணில் கயிறு மூன்று சுற்று சுற்றியிருக்கும், அந்தச் சுற்றைத் தளர்த்தித் தளர்த்தித்தான் ஆளை இறக்க முடியும், ஒரே ஆளாக நின்று யாரையும் மேலே இழுக்க முடியாது. மேலே நிற்பவன் எக்காரணம் கொண்டும் கயிற்றை விட்டு நகரக் கூடாது. நான் ஏன் உடனே கீழே ஓடவில்லை என்று என்னிடம் கேட்கப்பட்டதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

சம்பவம் நடந்த கட்டடம் எட்டு மாடி உள்ள அலுவலகக் கட்டடம். அதன் வெளிக் கண்ணாடிகளைத் துடைக்கும் வேலை நான்கு வருடமாக எங்களிடம் உள்ளது. சம்பவத்துக்கு மூன்று வாரம் முன்பு, வண்டி நிறுத்தும் பக்கத்துச் சுவரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஆறாவது மாடி சன்ஷேடின் அடியில் பத்துப் பன்னிரண்டு தேனீக்கள் வருவதும், சிமெண்டை முட்டி முட்டிப் பார்ப்பதும், போவதுமாக இருந்தன. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று மச்சினன் சொல்லிச் சிரித்தான். அதற்கு இரண்டு நாள் கழித்து, மதியம் பன்னிரண்டரை மணி இருக்கும், நல்ல வெயில், வண்டிகள் நிற்கும் இடத்தில் திடீரென்று நிழல் விழுந்தது. மேகம் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன், மேகம் இல்லை. கால் மணி நேரத்தில் அவ்வளவு தேனீயும் அந்த சன்ஷேடின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு, ஒரு மூட்டை அளவுக்குத் தொங்கியது. அதன் பிறகு ஒரு வாரத்தில் அது ஒரு ஆள் கையை விரித்தால் வரும் அகலத்துக்குக் கூடாக ஆகிவிட்டது. அருகில் காகம் பறந்தால் அந்தக் கூட்டின் மேல் ஒரு அலை மேலிருந்து கீழே ஓடும். மாடு ஈயை விரட்டத் தோலைச் சிலிர்க்குமே, அப்படி இருக்கும். அதைப் பார்த்த பிறகு அந்தப் பக்கம் நாங்கள் இறங்கவில்லை.

அதன் பிறகு நான் தரைத்தளத்தில் உள்ள கட்டட மேனேஜரின் அறைக்குச் சென்று, இது பெரிய தேனீ, சின்னச் சத்தத்துக்கும் கிளம்பிவிடும், தெரிந்த ஆளைக் கூப்பிட்டு, கட்டடத்தில் யாரும் வெளியில் தொங்காத நாளாகப் பார்த்து எடுக்க வேண்டும், எடுக்கும் நாளை எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அவர், “அது பாட்டுக்கு இருக்குது, நீ பாட்டுக்கு வேலையப் பாரு முடிச்சு,” என்றார். பிறகு டைரியில் எதையோ எழுதிக்கொண்டார். நான் சொன்னதை எழுதினாரா, வேறு எதையாவது எழுதினாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில் அறையில் சாவி கொடுக்க வந்து நின்றிருந்தவர் பின்வாசல் காவலில் இருக்கும் பெண். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டடத்தின் எல்லாச் சாவிகளும் ஒரு வளையத்தில் அவர் இடுப்பில் தொங்குவதால் அவரைச் சாவியக்கா என்று எல்லோரும் கூப்பிடுவோம், அவர் வரும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அன்று நான் வெளியே வந்ததும் அவரும் கூடவே வந்து, “அந்தாளு காதுல போட்டுக்க மாட்டாரு தம்பி. விளக்கு வெளிச்சத்துக்கு வந்து என் வாசல்ல தினம் இருபது முப்பது செத்துக் கிடக்குது. கூட்டறப்ப ஒண்ணு உசிரோட இருந்து கொட்டிடுச்சு, பாருங்க,” என்று வலது கையைக் காட்டினார். கை முழங்கை வரை வீங்கியிருந்தது, வளையல் சதைக்குள் புதைந்திருந்தது. வயிற்றிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக வந்து மறுநாள் அடங்கியது என்றும் சொன்னார். நான் ஐஸ் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன். அது சாதாரண வீக்கம் என்றுதான் அப்போது எண்ணினேன்.

சம்பவ தினமான புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நானும் மச்சினனும் வேலைக்குச் சென்றோம். அன்று பின்பக்கச் சுவர். கூடு இருப்பது வண்டி நிறுத்தும் பக்கம், இரண்டுக்கும் நடுவில் கட்டடத்தின் ஒரு முனை மட்டும் உண்டு. அன்று பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை தேன்கூட்டுக்கு மருந்து அடிக்கப்படும், ஜன்னல்களை மூடி வைக்கவும் என்று லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்ததாக மேனேஜர் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது உண்மையாக இருக்கலாம். வாளியோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு உள்ள விதி. நாங்கள் கயிறு, பலகை, வாளியுடன் படிக்கட்டில்தான் எட்டு மாடியும் ஏறினோம். படிக்கட்டில் எந்த அறிவிப்பும் இல்லை. மேனேஜர் முன்வாசலில் எங்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், வேறு எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு பத்தே காலுக்கு மச்சினனைப் பலகையில் உட்கார வைத்து, இடுப்புக் கொக்கியை இழுத்துப் பார்த்து, இறக்க ஆரம்பித்தேன். அவன் நீல நிற வேலைச் சட்டை போட்டிருந்தான். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து, இரண்டு இழுப்பு என்றால் இறக்கு என்பது எங்கள் கணக்கு. எட்டு, ஏழு, ஆறு முடிந்து ஐந்தாவது மாடிக்கு வந்திருந்தான். அப்போது தூரத்தில் பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவது போன்ற சத்தம் கேட்டது. லாரி என்றால் சத்தம் நகர்ந்து போக வேண்டும், இது நகரவில்லை, கூடிக்கொண்டே வந்தது. மருந்து அடிப்பவர் ஏழாவது மாடி ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டிக் கூட்டின் மேல் அடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கையில் இருந்த கயிறு இரண்டு தடவை இழுபட்டது. பிறகு நிற்காமல் இழுபட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் சட்டை நீலமாக இல்லை, பழுப்பாக இருந்தது. முகம் தெரியவில்லை. அவன் இரண்டு கையாலும் வீசி வீசி அடித்துக்கொண்டிருந்தான், அடிக்க அடிக்க முனையைத் திரும்பி இன்னும் வந்தன. “மாப்ள, கைய ஆட்டாத! மூக்கையும் வாயையும் மூடு! இறக்குறேன்!” என்று கத்தினேன். அவன் “மாமா” என்று இரண்டு தடவை சொன்னது கேட்டது, அதன் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் என்னையும் பிடித்துக்கொண்டன. கண் இமையில் ஒன்று, உதட்டில் ஒன்று, கழுத்தில், கையில் என்று மொத்தம் பதினொன்று. கயிற்றைப் பிடித்த கையால் எதையும் தட்டிவிட முடியாது. வேகமாக விட்டால் அவன் தரையில் விழுந்து இடுப்பு நொறுங்கும், மெதுவாக விட்டால் வழியெல்லாம் கொட்டும். எவ்வளவு வேகம் சரி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஏழு நிமிடம் ஆனது என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அந்த ஏழு நிமிடமும் நான் தூணைப் பார்த்தபடியேதான் நின்றேன், கீழே பார்க்கவில்லை.

கட்டடத்தின் பின்புறம் நான்கு பக்கமும் சுவர் உள்ள முற்றம். அங்கிருந்து உள்ளே போக ஒரே இரும்புக் கதவு, அது உள்பக்கம் பூட்டியிருக்கும், சாவி மேற்படி சாவியக்காவிடம் இருக்கும். கதவுக்கு உள்ளே ஒட்டினாற்போல் அவரது சிறிய அறை, அதில் முற்றத்தைப் பார்த்த ஒரு கண்ணாடி. என் மச்சினன் தரையைத் தொட்டு, பலகையோடு சாய்ந்து விழுந்ததும் நான் மேலிருந்து, “அக்கா, கதவத் திறங்க! கதவத் திறங்கக்கா!” என்று மூன்று நான்கு தடவை கத்தினேன். எல்லாக் கதவுகளையும் பூட்டியே வைக்க வேண்டும் என்று மேனேஜர் பத்து மணிக்கு அவருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார் என்று இப்போது சொல்லப்படுகிறது. அப்போது அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன்.

கதவு திறந்தது. அவர் தரை துடைக்கும் பெரிய சாம்பல் நிறத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்தார். ஓடவில்லை, கையை வீசவில்லை, குனிந்து வேகமாக நடந்து வந்தார். மச்சினனின் பக்கத்தில் வந்ததும் தன் தலையில் இருந்த துணியை எடுத்து அவன் தலையில் போட்டு மூடினார். பிறகு வெறும் தலையோடு குனிந்து, இடுப்புக் கொக்கியைக் கழற்றினார். அது புதிய கொக்கி, பழகாதவர்களுக்குச் சட்டென்று கழலாது, அவருக்கு நாலைந்து தடவை வழுக்கியது. அதன் பிறகு அவனை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். இவ்வளவையும் நான் எட்டாவது மாடிக்கு மேலிருந்து என் கண்ணால் பார்த்தேன்.

கயிற்றில் பாரம் இல்லை என்று ஆனதும் சட்டையை மூஞ்சிக்கு மேல் இழுத்துக்கொண்டு படிக்கட்டுக் கதவுக்குள் ஓடி, அதைச் சாத்திவிட்டு, எட்டு மாடியும் இறங்கி அவர் அறைக்குச் சென்றேன். மச்சினன் தரையில் கிடந்தான். கண் இரண்டும் மூடி, முகம் அவன் முகமாக இல்லை. வெளியே இரும்புக் கதவில் யாரோ கைப்பிடி கைப்பிடியாக மணல் வீசுவது போலச் சத்தம். அறைக்குள்ளும் ஏழெட்டுத் தேனீ வந்திருந்தன. சாவியக்கா செருப்பை எடுத்தார். “அடிக்காதீங்கக்கா, நசுங்கினா அந்த வாசனைக்கே மத்ததெல்லாம் வரும்,” என்று சொல்லி விளக்கை அணைத்தேன், அவை வெளிச்சம் தெரிந்த கண்ணாடிப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு கொடுக்குகளை எடுக்க ஆரம்பித்தோம். கொடுக்கு உடம்பில் இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும், கிள்ளிப் பிதுக்கிக்கொண்டிருக்காமல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வழித்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வழிக்க எதுவும் இல்லாமல் தேடியபோது, அவர் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அதன் விளிம்பால்தான் வழித்தேன். அந்த அட்டை அன்று என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது, இன்று அதை ஒப்படைத்துவிட்டேன்.

நான் வழித்துக்கொண்டிருந்தபோது அவர் மேசை மேல் இருந்த போனில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். முகவரியைத் தெளிவாகச் சொன்னார், பின்பக்கம் வராதீர்கள், முன்வாசலுக்கு வாருங்கள் என்றார். எத்தனை பேருக்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும், “ஒருத்தருக்குத்தான்,” என்றார். அவர் போனை வைத்ததும் நான் அவரைப் பார்த்து, உங்களுக்கு எத்தனை என்று கேட்டேன். “எனக்கு நாலே நாலு கொட்டுதான். காது குத்துனப்பவே இதவிட அழுதேன். நீங்க அவனப் பாருங்க,” என்று சிரித்தார். கழுத்தில் இரண்டு, காதுக்குப் பின்னால் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. கழுத்தில் இருந்த இரண்டை நான்தான் வழித்து எடுத்தேன். மற்ற இரண்டை அவரே எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அவர் உள்ளங்கைகளை மேசை விளிம்பில் வைத்துத் தேய்த்தார். உள்ளங்கை அரிக்கிறது என்றார். பிறகு பக்கத்தில் உள்ள கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார், சாவி வளையம் சத்தம் போட்டதால் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று தெரிந்தது. வந்து, “தொண்டையில முடி சிக்கின மாதிரி இருக்கு தம்பி,” என்றார். குரல் அவர் குரலாக இல்லை, சளி பிடித்தவர் பேசுவது போல இருந்தது. நான் தலையைத் திருப்பாமல், “பயத்துல அப்படித்தான் இருக்கும், தண்ணி குடிச்சிட்டு அந்த நாற்காலில உக்காருங்கக்கா, வண்டி வந்துரும்,” என்றேன். அவர் உட்கார்ந்தார். நான் மச்சினனின் முதுகைத் திருப்பி வழித்தேன். அவனுக்கு அப்போது நூற்று நாற்பது வரை எண்ணியிருந்தேன். என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

பதினொன்று இருபதுக்கு ஆம்புலன்ஸ் முன்வாசலுக்கு வந்தது. அதில் வந்த உதவியாளர் ஒரு பெண், தோளில் பெரிய பை மாட்டியிருந்தார். அவரும் ஓட்டுநரும் மச்சினனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அறைக்கு வெளியே நடைபாதைக்குக் கொண்டு வந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்து, “வேற யாருக்காவது கொட்டியிருக்கா?” என்று கேட்டார். நான், “இல்லங்க, இவனுக்கு மட்டும்தான். சீக்கிரம் போங்க,” என்றேன். அப்போது அறைக் கதவு திறந்திருந்தது. சாவியக்கா நாற்காலியில் இருந்தார். நடைபாதையிலிருந்து பத்து அடி இருக்கும். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஒரு கையைக் கழுத்தில் வைத்திருந்தார், இன்னொரு கையைத் தூக்கி அசைத்தார். நீங்கள் போங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று இங்கு மறுபடியும் கேட்கப்பட்டது. அன்று எனக்கு ‘போங்க’ என்று தோன்றியது. ‘வாங்க’ என்றும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.

அதன் பிறகு நான் ஆம்புலன்ஸில் ஏறிச் சென்றேன். வண்டி கிளம்பிய பிறகுதான் அந்தப் பெண் என் இமையையும் உதட்டையும் பார்த்து, “உங்களுக்கும் கொட்டியிருக்கே, யாருக்கும் இல்லன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். அப்போதாவது நான் சாவியக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மச்சினனின் மூக்கில் வைத்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் சொல்வது நான் நேரில் பார்த்ததல்ல. நடைபாதை பெருக்கும் பெண் எனக்குப் போனில் சொன்னது. பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு சாவியக்காவின் மேசையில் போன் விடாமல் அடித்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லையே என்று அந்தப் பெண் போய்ப் பார்த்தபோது, சாவியக்கா நாற்காலியிலேயே சாய்ந்து இருந்திருக்கிறார், உதடும் முகமும் வீங்கி நீலம் பாரித்திருந்திருக்கிறது. போனில் பேசியது மேனேஜர். கதவெல்லாம் பூட்டியிருக்கிறதா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டாவது ஆம்புலன்ஸ் வந்தபோது சாவியக்கா உயிரோடு இல்லை.

மருத்துவமனையில் மாலை நான்கு மணிக்கு மச்சினனைப் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவனுக்கு இருநூற்றுக்கு மேல் கொட்டியிருக்கிறது, சிறுநீர் பால் கலக்காத கட்டன் டீ நிறத்தில் போகிறது, ஐந்து நாளைக்குச் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், ஆனால் பிழைத்துக்கொள்வான் என்றார். நான் அவரிடம் சாவியக்காவுக்கு நடந்ததைச் சொல்லி, நாலே நாலு கொட்டுக்கு எப்படி என்று கேட்டேன். அவருக்கு இதற்கு முன் எப்போதாவது கொட்டியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். கை வீங்கியதையும் தடிப்பு வந்ததையும் சொன்னேன். டாக்டர் என் கழுத்திலும் கையிலும் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, “சில பேருக்கு எண்ணிக்கை முக்கியமில்ல. கொட்டின இடம் விட்டு வேற இடத்துல அரிக்குது, தடிக்குது, வாந்தி வருது, குரல் மாறுது, மூச்சு அடைக்குதுன்னா ஒரு கொட்டே போதும். தலை சுத்துறவங்கள உக்கார வைக்கக் கூடாது, படுக்க வச்சுக் காலைத் தூக்கி வைக்கணும். தொடையில போடுற ஊசி ஒண்ணு இருக்கு, அத உடனே போட்டிருக்கணும்,” என்றார். அந்த ஊசி ஆம்புலன்ஸில் இருந்திருக்குமா என்று கேட்டேன். உதவியாளரின் பையிலேயே இருக்கும் என்றார். அந்தப் பை அன்று எங்கே இருந்தது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை சாவியக்காவின் தங்கை மருத்துவமனைக்கு வந்தார். நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மச்சினன் எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, “அக்காவுக்குக் கொட்டினது உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். எத்தனை என்றார். நாலு என்றேன். அவர் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “நாலா?” என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் உதவியாளர் கேட்டதையும் நான் சொன்னதையும் அன்று அவரிடம் நான் சொல்லவில்லை.

அன்று மதியம் மேனேஜர் பழங்களோடு வந்தார். என்னைத் தனியே அழைத்து, “கதவப் பூட்டி வைன்னு நான் போன்ல தெளிவா சொல்லியிருந்தேன். அந்தம்மா தானாத்தான் வெளிய போச்சு. நீ மேல இருந்த, உனக்கு எதுவும் கேட்டிருக்காது, தெரிஞ்சிருக்காது. அதோட நிறுத்திக்க. ரெண்டு பேருக்கும் இங்க வேலை எப்பவும் இருக்கும்,” என்றார். பழங்களை அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாவியக்கா தானாக வெளியே வரவில்லை. நான் கத்திக் கூப்பிட்டுத்தான் வந்தார். மருந்து அடிக்கப் போவதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் மனைவிக்கு முழுவதும் தெரியும். நேற்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். அவர், “அத ஏங்க போய்ச் சொல்றீங்க? அந்த வண்டிக்காரப் பொண்ணைத் தவிர யாருக்குத் தெரியும்? என் தம்பிய நீங்கதானே காப்பாத்துனீங்க,” என்றார். உன் தம்பியைக் காப்பாற்றியது நான் இல்லை என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். இன்று காலை நான் கிளம்பும்போது, போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார்.

மச்சினன் இன்னும் வார்டில் இருக்கிறான். ஒரு கண் திறந்துவிட்டது. துணியைப் போட்டு மூடிய அந்த அக்காவை ஒரு தடவை பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்து மாமா என்று நேற்று சொன்னான். சரி என்றேன். அவர் இறந்துபோனது அவனுக்கு இதுவரை தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டியது நான்தான், அதற்கு முன்பு இங்கே சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

மேலே எழுதியிருப்பதை எழுத்தர் எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னேன். ஆம்புலன்ஸ் உதவியாளர் கேட்டபோது, ‘பதற்றத்தில் மேற்படி பெண்ணைப் பற்றித் தெரிவிக்கத் தவறிவிட்டேன்’ என்று எழுதியிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் கேட்டார், நான் ‘இல்லை’ என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு நான் சொன்ன சொல்லையே எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அப்படி எழுதினால் உனக்குத்தான் பாதகம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார், புரிந்தது என்றேன். அதன் பிறகு அடித்து எழுதப்பட்டது, அந்த இடத்தில் ஓரத்தில் கையொப்பம் வைத்தேன். மீதி முழுவதும் நான் பார்த்தபடி, செய்தபடி, சொன்னபடி இருக்கிறது. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு வேறொன்றும் இல்லை.

(ஒப்பம்)
கண்ணாடி துடைக்கும் தொழிலாளி

மேற்படி நபர் சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, அவர் கேட்ட திருத்தத்தைச் செய்து, என் முன்னிலையில் ஒப்பம் பெறப்பட்டது.
உதவி ஆய்வாளர்